தொலைந்த இடத்தைக் கூறவும்

எங்கள் தீவுக்கு இணையம் பஸ்ஸில் வந்தது. இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் நடந்தது அதுதான். செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி வேலணையில் வந்து இறங்குவார். அவருடைய கைப்பையில் சோற்றுப் பார்சலுக்குப் பக்கத்தில் இரண்டு சீடிகள் இருக்கும். கொழும்பில் யாரோ இறக்கி வைத்த இணையப் பக்கங்கள் அவற்றில் இருக்கும், சில வாரம் நூறு, சில வாரம் இருநூறு. தொலைபேசி வழியாக ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக் கோப்பையையும் கழுவி வைத்துவிடலாம். அதனால்தான் இந்த ஏற்பாடு. நாங்கள் செய்து முடித்ததை அடுத்த செவ்வாய் அவர் அதே பையில் திருப்பிக் கொண்டுபோவார்.

சமாதான காலம் என்று நாங்கள் சொல்லிக்கொண்ட அந்தச் சில வருடங்களில் எனக்குக் கிடைத்த வேலை அது. ஒரு கடைக்கு மேலே இருந்த அறையில் மூன்று கணினிகள். தொடக்கத்தில் என்னோடு இன்னொரு பெண்ணும் இருந்தாள். அவள் கலியாணம் முடித்துக் கனடா போனபின் மூன்றுக்கும் நான் ஒருத்திதான்.

வெளிநாட்டில் ஒரு நிறுவனம் ஒரு தேடுபொறியைத் திருத்திக்கொண்டிருந்தது. ‘இதை எப்படிச் செய்வது’ என்று ஒருவர் தேடினால் நீளமான கட்டுரையைக் காட்டாமல், செய்யவேண்டியதை ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாகக் காட்டவேண்டுமாம். அதற்கு முதலில் மனிதர்கள் பக்கங்களை வாசித்துப் படிகளைப் பிரித்துக் கொடுக்கவேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கணினி பிறகு தானே பிரிக்கப் பழகிவிடும் என்று பொறுப்பாளர் விளக்கினார். அது எப்படிப் பழகும் என்று அவருக்கும் தெரியாது. தெரியாது என்பதை மறைக்காத மனிதர் அவர், அதனால் அவரை எனக்குப் பிடிக்கும்.

விதிகள் ஒரு தாளில் அச்சடிக்கப்பட்டு என் மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருந்தன. ஒரு படியில் ஒரு செயல் மட்டும் இருக்கவேண்டும். ஒரு வசனத்தில் இரண்டு செயல் வந்தால் இரண்டு படியாக வெட்டவேண்டும். கதை, பகிடி, ஆலோசனை எல்லாவற்றையும் நீக்கவேண்டும். பக்கத்தில் இல்லாத எதையும் உங்களுக்குத் தெரியும் என்பதற்காகச் சேர்க்கக்கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

வேலை எனக்கு அளவெடுத்துத் தைத்த சட்டைபோல இருந்தது. பனியில் ஓடும் காரின் சில்லுக்குச் சங்கிலி கட்டுவதைப் பதினொரு படியாகப் பிரித்தேன். விமானத்தில் பூனையைக் கொண்டுபோவதைப் பதினாலு படியாகப் பிரித்தேன். அந்தப் பூனைக்கு இருந்த கடதாசிகளில் பாதிகூட எங்கள் ஊரில் மனிதருக்கு இருக்கவில்லை. எதைப் பற்றி என்றாலும் எனக்கு ஒன்றுதான், நாலு பக்கம் வளவளவென்று அலம்பியதை எட்டு வரியில் கொண்டுவந்து நிறுத்தும்போது மனதுக்குள் ஒரு திருப்தி வரும்.

சுற்றி வளைத்துக் கதைப்பவர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொறுமை இல்லை. எங்கள் தீவுகளில் யாரிடமும் ஒரு காரியம் எப்படிச் செய்வது என்று கேட்டுப்பாருங்கள். பஸ் எத்தனை மணிக்கு என்பதில் தொடங்குவார்கள். நெடுந்தீவுக்காரர் என்றால் அதற்கும் முதல், குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வள்ளம் வருமா வராதா என்பதில் தொடங்குவார்கள். பிறகு கந்தோரில் யார் நல்லவர், யார் முசுடு, யாருடைய மச்சான் எங்கே வேலை என்று போகும். கேட்ட காரியம் கடைசியில் வந்தால் வரும். எனக்கு அவர்கள் வாயைப் பிடித்து வெட்டவேண்டும்போல இருக்கும்.

2005 கடைசியில் வந்த சீடியில் முதல்தடவையாக எங்கள் நாட்டுப் பக்கங்கள் இருந்தன. பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுப்பது, காணி உறுதி தேடுவது, தொலைந்த அடையாள அட்டைக்குப் பதில் புதியது எடுப்பது. கூடவே படிவத்தில் ஒரு புதிய கட்டமும் வந்திருந்தது: ‘இந்தப் படிகளை ஒருவர் உண்மையில் செய்து பார்த்தாரா? பலன் கிடைத்ததா?’ ஒவ்வொரு சீடிக்கும் ஒன்றையாவது ஓர் ஆளைக்கொண்டு செய்து பார்க்கச் சொன்னார்கள்.

அடையாள அட்டைப் பக்கத்தில் ஐந்து வசனம் இருந்தது. விதிப்படி வெட்டியதில் ஏழு படி வந்தது. அண்மைய பொலிஸ் நிலையத்தில் முறையிடவும். தொலைந்த இடத்தைக் கூறவும். தொலைந்த விதத்தைக் கூறவும். முறைப்பாட்டின் பிரதியைப் பெறவும். பிரதியையும் படங்களையும் கிராம சேவகரிடம் கொடுக்கவும். விண்ணப்பத்தில் அவர் முன்னால் ஒப்பமிடவும். பிரதேச செயலகத்தில் ஒப்படைக்கவும். இடத்தையும் விதத்தையும் மூலப் பக்கம் ஒரே மூச்சில் சொல்லியிருந்தது. நான்தான் அவற்றைப் பிரித்துத் தனித்தனி வரியில் வைத்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். 1997இல், நாங்கள் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பி வந்த அடுத்த வருடம், என்னுடைய அடையாள அட்டையும் தொலைந்தது. குனிந்து தண்ணீர் அள்ளும்போது கிணற்றுக்குள் விழுந்தது. அம்மா என்னைப் பொலிசுக்குக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் ஒன்றே ஒன்றுதான் சொன்னா: “பஸ்ஸில துலைஞ்சது எண்டு சொல்லு. கிணத்துக்க எண்டால், ஏன் எறிஞ்சனி எண்டு கேப்பாங்கள்.” சொன்னேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. எங்கள் தீவுகளில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். பொலிசில் பதிந்திருப்பதை நம்பினால் குறிகட்டுவான் பஸ்ஸின் இருக்கைகளுக்குக் கீழே அரைவாசிச் சனத்தின் அடையாள அட்டை கிடக்கவேண்டும். எழுதுகிற பொலிஸ்காரருக்கும் அது தெரியும்.

மார்கழியில் ஒரு முற்பகல் ஒருவர் படியேறி வந்தார். நாரந்தனைக்காரர், கடல்தொழில், கத்தோலிக்க வேதக்காரக் குடும்பம், நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர்ச் சனத்துக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, படிவம் நிரப்பிக் கொடுப்பது எல்லாம் நாங்கள் சும்மா செய்ததால் அவர் போன்றவர்கள் வருவது வழக்கம். கணினிக்கு முன்னால் இருப்பவர் எவரோ அவர் ரீச்சர் என்பது ஊர் முடிவு.

“ரீச்சர், என்ர ஐசி துலைஞ்சுபோச்சு. தை பிறக்கப் பாஸ் புதுப்பிக்கவேணும், ஐசி இல்லாமல் ஏலாதாம். என்ன செய்யிறது எண்டு ஒருக்கா எழுதித் தாறீங்களோ?”

ஐசி என்றால் அடையாள அட்டை, பாஸ் என்றால் கடலுக்கு இறங்க நேவி கொடுக்கும் அனுமதி. அது இல்லாமல் வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளமுடியாது.

“எங்க துலைச்சனீங்கள்?”

“கடலில. வலை கல்லில பிடிச்சிட்டுது. எட்டி எடுக்கேக்க மடியில இருந்த பை நழுவிப் போச்சு. பாத்துக்கொண்டு நிண்டனான் ரீச்சர், மெல்ல மெல்லத்தான் போனது.”

கதிரையைக் காட்டினேன். இருந்துகொண்டு தன்னைப் பற்றியும் சொன்னார். தொண்ணூறில் ஊரைவிட்டுப் போனவர்கள். பன்னிரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் சீமெந்து மூட்டை தூக்கியிருக்கிறார். சமாதானம் வந்து சனம் திரும்பியபோது முதல் ஆளாகத் திரும்பி, மாமனாரின் பழைய வள்ளத்துக்குப் பலகை மாற்றி, மூன்று வருடமாகக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார். “மூட்டை தூக்கின காலத்தில ஒருநாளும் நித்திரையில கடல் வராது. இப்ப கரையில படுத்தாலும் வருது,” என்றார். வழக்கமாக இந்த அளவு கதைக்கு நான் கடிகாரத்தைப் பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை, ஏனென்றால் என் மனம் அந்தப் புதிய கட்டத்தில் நின்றது.

ஏழு படியையும் அச்சடித்துக் கொடுத்தேன். விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். இரண்டாவதில் விரல் நின்றது.

“இடம் எண்டால் எந்தளவுக்குச் சொல்லவேணும்?”

“சரியான இடம் அண்ணை. எங்க துலைஞ்சதோ அந்த இடம்.”

“உள்ளதை உள்ளபடியோ?”

பஸ் என்ற சொல் என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதைச் சொன்னால் அவர் செய்து பார்ப்பது என்னுடைய ஏழு படியாக இருக்காது. பக்கத்தில் இல்லாததைச் சேர்க்கக்கூடாது என்று எதிரே கோடு போட்டு ஒட்டியிருந்தது. படிகள் தனியே நின்று வேலை செய்கின்றனவா என்று பார்க்க எனக்கு ஆசையாகவும் இருந்தது.

“உள்ளபடி,” என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளை நாலாக மடித்துப் பிளாஸ்ரிக் பைக்குள் வைத்தார்.

“காட் கிடைச்ச உடன வந்து எனக்குச் சொல்லவேணும் அண்ணை. சரிவந்ததோ எண்டு நான் எழுதவேணும்.”

“கட்டாயம் வருவன்,” என்றார்.

அடுத்தடுத்த செவ்வாய்களில் பொறுப்பாளர் அந்தக் கட்டத்தைக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன். தை நடுவில் அந்த மனிதரின் மனைவியைப் பஸ் தரிப்பில் கண்டேன். அவரைப் பற்றி விசாரித்ததும் அந்த அக்கா பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தொடங்கினா.

“அந்த மனிசனுக்கு விசர் ரீச்சர். பொலிசில எங்க துலைஞ்சது எண்டு கேட்டிருக்கிறாங்கள். வெளிச்சவீடும் எங்கட கோயில் முகப்பும் ஒண்டுக்குப் பின்னால ஒண்டு நேராத் தெரியிற இடம், ஏழு பாகத் தண்ணி, கீழ கல்லு எண்டு சொல்லியிருக்கிறார். அவங்கள் கடல் படத்தை விரிச்சுக் கோடு கீறிப் பாத்தாங்களாம். நேவி விட்ட எல்லைக்கு அங்கால போயிட்டுது. ஏன் அங்க போனாய், ஆரைச் சந்திக்கப் போனாய் எண்டு ஒரே விசாரணை. முறைப்பாடு எழுதின என்றிக் கொப்பியும் குடுக்கேல்லை.”

இதைத்தான் அவர் செய்திருந்தார். எங்கள் கடல்காரருக்கு இடம் என்றால் அப்படித்தான். கரையில் தெரியும் இரண்டு பொருட்களை ஒரு நேரில் பிடித்து, தண்ணீரின் ஆழத்தையும் பாகக் கணக்கில் சேர்த்துச் சொல்வார்கள். போன வருடம் அறுந்த வலையை இந்த வருடம் அப்படிப் போய் எடுத்துவருவார்கள். சரியான இடத்தைச் சொல்லுங்கள் என்று அவர்களிடம் கேட்டால் அதைவிடச் சரியாக யாரும் சொல்லமுடியாது. எல்லையை எல்லாரும் தாண்டினார்கள், அது நேவிக்கும் தெரியும். ஆனால் அதைத் தானே போய்ப் பொலிசில் எழுதிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

“பஸ்ஸில எண்டு சொல்லியிருந்தால் முடிஞ்சிருக்கும். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும் ரீச்சர்,” என்றா அக்கா.

நான்தான் உள்ளபடி சொல்லச் சொன்னேன் என்று அப்போதே சொல்லியிருக்கவேண்டும். பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இருந்தாலும் சும்மா இருக்க முடியவில்லை. மறுநாள் கிராம சேவகரிடம் போனேன். எங்கள் ஊரில் அவரை விதானையார் என்போம். பிரதி இல்லாமல் தன்னால் ஒன்றும் செய்ய ஏலாது என்றார். “கடலில எண்டு சொல்லச் சொன்னது எந்தப் புத்திசாலி?” என்று கேட்டார். பிறகு துணிந்து பொலிஸ் நிலையத்துக்கும் போய், அந்தப் பக்கத்தையும் என் ஏழு படியையும் காட்டி, இடத்தைக் கூறவேண்டும் என்று அரசாங்கப் பக்கமே சொல்கிறது, அதனால்தான் கூறினார் என்றேன். தமிழ் தெரிந்த அலுவலர் ஒருவர் அவசரப்படாமல் ஆறுதலாக வாசித்தார். “சரியாத்தான் எழுதியிருக்கிறீங்கள்,” என்றார். ஆனால் கோப்பு மேலே போய்விட்டதாம், கீழே வரும் வரைக்கும் பொறுக்கவேண்டுமாம். என் வேலையை அந்த வருடம் பாராட்டிய ஒரே ஆள் அவர்.

கோப்பு கீழே வர ஆனி மாதமாகிவிட்டது. நாட்டில் சூடு ஏறிக்கொண்டிருந்த காலம், எந்தக் கோப்பும் சீக்கிரம் இறங்கவில்லை. அந்த ஆறு மாதமும் நான் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவருடைய வீட்டு வளவைப் பார்ப்பேன். வள்ளம் கரையில் கவிழ்த்தபடி கிடந்தது, அதன்மேல் தென்னோலைக் கிடுகு போட்டிருந்தார். அவர் பூவரச நிழலில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருப்பார். பஸ்ஸைக் கண்டால் கையைக் காட்டுவார். படி நாலில் நிற்கிறேன் என்பதுபோல ஒருநாள் நாலு விரலைக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. என்னை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பொறுப்பாளர் அந்தக் கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டு முடிக்கச் சொன்னார். எனக்கு மனம் வரவில்லை. இல்லை என்று போட்டால் அந்த மனிதரின் கதை அதோடு முடிந்துவிடும் என்று ஒரு பயம். அந்த வரியை மட்டும் வெறுமையாக விட்டு மற்றவற்றை அனுப்பிக்கொண்டிருந்தேன். வேலையிலும் கை தடுமாறத் தொடங்கியது. ஒரு படியை எழுதியதும், இதற்கு முதல் எல்லாரும் அறிந்து செய்வது, யாரும் எழுதாதது ஏதாவது இருக்குமா என்று யோசித்துக்கொண்டே இருப்பேன். பூனைப் பக்கத்தை மறுபடி திறந்து பார்த்தேன். அதில் என்ன குறைகிறது என்று எனக்குக் கடைசிவரை தெரியவரவில்லை.

ஆவணியில் சண்டை மறுபடி தொடங்கியது. கொழும்புக்குப் போகும் வீதியை மூடினார்கள். கடலையும் மூடினார்கள், பாஸ் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் ஒரே மாதிரி. ஊரடங்கு போட்டுப் போட்டு எடுத்தார்கள். செவ்வாய் வந்தது, பொறுப்பாளர் வரவில்லை. சீடிகள் வரும் வழியும் அதோடு அடைபட்டது. திறப்பு என்னிடம் இருந்ததால் ஊரடங்கு எடுத்த நேரங்களில் போய் அறையைத் திறந்து வைத்தேன், வீட்டில் இருந்தால் யோசனை கூடும் என்பதற்காக.

அப்படி ஒரு நாள் அவர் படியேறி வந்தார். வெள்ளைச் சேட்டுப் போட்டிருந்தார், கோயிலுக்குப் போவதுபோல. பிளாஸ்ரிக் பையிலிருந்து முதலில் என் தாளை எடுத்தார், மடிப்புகள் கிழிந்து நூலால் பிடித்ததுபோல இருந்தது. பிறகு புதிய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தார். வீதி மூடுவதற்கு முதல் கடைசியாக வந்த தபாலில் வந்து கந்தோரில் கிடந்திருக்கிறது.

“ஏழும் செய்திட்டன் ரீச்சர். காட் வந்திட்டுது. வந்து சொல்லச் சொன்னனீங்கள்.”

அட்டையைப் பார்த்தேன். படத்தில் அவர் இன்னும் கறுப்பாக, கடலுக்குப் போய்வந்த முகத்தோடு இருந்தார்.

“அண்ணை, எனக்கு முதலே தெரியும்,” என்றேன். “பஸ்ஸில எண்டு சொல்லியிருந்தால் தையிலயே முடிஞ்சிருக்கும். எனக்குத் தெரிஞ்சும் சொல்லேல்லை. கடலுக்குப் போற உங்கட கடைசி வருசத்தை நான்தான் கெடுத்தனான்.”

அவர் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கும் தெரியும்தானே,” என்றார். “இதுக்கு முதல் ரெண்டு தரம் துலைச்சனான், ரெண்டு தரமும் பஸ்தான். இந்த முறையும் அப்பிடிச் சொல்லத்தான் இருந்தனான். நீங்கள் கொம்பியூட்டரில அடிச்சு, உள்ளபடி சொல்லு எண்டு தந்தீங்கள். சமாதான காலம்தானே, இனி உண்மை சொல்லலாமாக்கும் எண்டு நினைச்சன்.”

அவர் மேசைக்கு இந்தப் பக்கம் வந்து, என் கதிரைக்குப் பின்னால் நின்றார். நான் எழுதுவதைப் பார்க்கத்தான் வந்திருந்தார்.

கோப்பைத் திறந்தேன். ஒன்பது மாதமாக வெறுமையாகக் கிடந்த கட்டத்துக்குப் போனேன். படிகளை ஒருவர் செய்து பார்த்தாரா? ஓம். பலன் கிடைத்ததா? ஓம். அதற்குப் பிறகு அந்தப் படிவத்தில் கேள்வி இல்லை. அடித்து முடித்து, அவருக்குத் தெரியும்படி திரையைத் திருப்பினேன்.

அவர் குனிந்து, விரலை வைத்து, இரண்டு வரியையும் வாசித்தார்.

“சரியோ ரீச்சர்?”

“சரி அண்ணை,” என்றேன்.